பிணை, தராசு, கூலி: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் விவிலிய ஞானமும் அன்றாடத் தீர்மானமும்

விவிலியத்தில் ‘ஞான நூல்கள்’ என்று அறிஞர்கள் வகைப்படுத்தும் நூல்கள் வழிபாட்டு ஒழுங்கையோ இஸ்ரவேல் மக்களின் வரலாற்றையோ சொல்ல எழுந்தவை அல்ல. கடனுக்கு ஜாமீன் நிற்கலாமா, யாருடைய பேச்சை நம்பலாம், எப்போது வாய் திறக்கலாம், கையில் இருப்பதை இன்றே கொடுப்பதா நாளைக்கு வரச்சொல்வதா என்பன போன்று, ஒருவர் காலையில் எழுந்தது முதல் படுக்கப்போகும் வரை எடுத்தாக வேண்டிய தீர்மானங்களைப் பற்றியே அவை பெரிதும் பேசுகின்றன. யோபு, நீதிமொழிகள், பிரசங்கி ஆகிய மூன்றும் எல்லாத் திருச்சபைகளுக்கும் பொதுவான ஞான நூல்கள். பிரசங்கியைக் கத்தோலிக்கர் ‘சபை உரையாளர்’ என்பர். சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம் என்னும் இரு நூல்களையும் அவர்கள் இவற்றோடு சேர்த்துக்கொள்கின்றனர். புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபம் இவற்றின் உடன்பிறப்புப் போன்றது. இந்நூல்கள் தரும் ஞானத்தை இன்றைய தமிழ்க் கிறிஸ்தவர் தம் அன்றாடத் தீர்மானங்களில் எவ்வாறு பயன்படுத்துகின்றனர், எவ்வாறு பயன்படுத்தத் தவறுகின்றனர் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

கேள்வியை ஒரு வட்டாரத்தில் ஊன்றிப் பார்ப்பது நல்லது. ஏனெனில் ஞானம் என்பது இடம், காலம், ஆள் அறிந்து செயல்படும் ஒன்று. பொதுவாகப் பேசத் தொடங்கினால் அது உடனே அறிவுரையாகச் சுருங்கிவிடும். விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏறக்குறைய 12 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரு ஊர்கள் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி முன்னதில் ஏறக்குறைய 1.3 லட்சம் பேரும் பின்னதில் ஏறக்குறைய 75 ஆயிரம் பேரும் வாழ்ந்தனர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் ஊர். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் ஊர். ராஜபாளையம் 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியது முதல் நூற்பாலை ஊர்; அதன் அருகிலுள்ள சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதிகளில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி விசைத்தறிகளில் நெய்யப்படுகிறது. கிழக்கே சிவகாசியின் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும். நெசவு, நிறுவை, வாரக் கூலி, கடன், சீட்டு ஆகியவற்றால் ஆன வாழ்க்கை இது. நீதிமொழிகளைத் தொகுத்தவர்கள் இவ்வூர்களின் கடைத்தெருவில் வந்து நின்றால் அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றுவது மிகக் குறைவாகவே இருக்கும்.

1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே சீர்திருத்தத் திருச்சபையின் வேர் இங்கே வடதிருநெல்வேலிப் பணியின் வேராக இறங்கியது. கேம்பிரிட்ஜில் பயின்ற தாமஸ் ராக்லண்ட், டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் ஆகியோருடன் 1854-இல் தொடங்கிய ஊர்சுற்றும் ஊழியம், மாளிகை கட்டி அமராமல் கூடாரங்களில் தங்கி ஊர் ஊராகச் சென்றது. ராக்லண்ட் 1858-இல் சிவகாசியில் இறந்தார். பெரும்பான்மை மக்களின் வாழ்வு கோயிலையும் அதன் திருவிழாக்களையும் சுற்றி நடக்கும் நிலப்பகுதியில் கிறிஸ்தவர் அன்று முதல் இன்று வரை சிறுபான்மையினராகவே வாழ்ந்துவருகின்றனர். அவர்களுடைய கடனும் கொடுக்கல் வாங்கலும் பெரும்பாலும் வேறு சமயத்தாருடன்தான். ஞான நூல்களைப் பற்றிய எந்த ஆய்வும் இதை மறக்கக் கூடாது. ஏனெனில் அந்நூல்களே அப்படிப்பட்ட ஒரு பொதுவெளியிலிருந்து எழுந்தவை.

‘ஞானம்’ என்று தமிழில் மொழிபெயர்க்கப்படும் எபிரேயச் சொல் ‘ஹொக்மா’. தமிழில் ஞானம் என்றதும் துறவும் மெய்யறிவும் நினைவுக்கு வருகின்றன. எபிரேயச் சொல்லோ கைத்தொழிலாளியின் திறமையையும் குறிக்கும். யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் பொன்வேலையையும் மரவேலையையும் செய்த பெசலெயேலுக்குக் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுவது இந்த ஹொக்மாவே. தறியில் இழை அறுந்ததும் கண் பார்க்கும் முன்பே விரல் அறிந்துகொள்கிறதே, அந்த வகை அறிவு அது. படித்து வருவதன்று, பழகி வருவது. ‘நீதிமொழி’ என்று மொழிபெயர்க்கப்படும் ‘மஷால்’ ஒப்பிட்டுக் காட்டுதல் என்னும் பொருளுடையது. அது கட்டளை அன்று. இரண்டு பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கேட்பவரையே பார்க்கச் செய்வது. இவ்விரு சொற்களின் பொருளையும் மனத்தில் கொண்டால், நீதிமொழிகளைச் சட்டப் புத்தகம் போலப் படிப்பதும் குறிசொல்லும் ஏடு போலப் படிப்பதும் ஏன் பொருந்தா என்பது விளங்கும்.

நீதிமொழிகள் ஒரே கையால் எழுதப்பட்ட நூலும் அன்று. சாலொமோன் பெயரால் வழங்கும் இரு பெருந்தொகுதிகள், ஞானிகளின் வார்த்தைகள், ஆகூரின் வார்த்தைகள், லேமுவேல் என்னும் அரசனுக்கு அவன் தாய் சொன்ன அறிவுரை எனப் பல தொகுதிகள் 31 அதிகாரங்களில் சேர்ந்துள்ளன. 25-ஆம் அதிகாரத்திலிருந்து வருபவற்றை எசேக்கியா அரசனின் ஆட்கள் பெயர்த்தெழுதியதாக நூலே சொல்கிறது. 22-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியில் தொடங்கும் ஞானிகளின் வார்த்தைகளுக்கும் ‘அமெனெமோபேயின் போதனை’ என்னும் பண்டைய எகிப்திய நூலுக்கும் உள்ள நெருங்கிய ஒற்றுமையை 1924-இல் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் எர்மன் எடுத்துக்காட்டினார். ஆபிரகாமின் அழைப்போ எகிப்திலிருந்து விடுதலையோ சீனாய் மலையோ இந்நூலில் பேசப்படுவதில்லை. அயலாரிடமிருந்து கற்றதை நாணமின்றி ஏற்று, கர்த்தருக்குப் பயப்படுதல் என்னும் தன் அடித்தளத்தில் வைத்துக் கட்டிய நூல் இது.

தமிழகத்தில் இதற்கு இணையான ஒரு நிகழ்வு உண்டு. தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து 1714-15-இல் அச்சிட்ட சீகன்பால்கு, அதற்கு முன்பே, 1708-இல், நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய தமிழ் நீதி நூல்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்திருந்தார். விவிலியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் முதலில் தமிழரின் நீதியிடம் மாணவராக அமர்ந்தார் என்பது தற்செயல் அன்று. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல் என ஐந்து அதிகாரங்கள் தொடர்ச்சியாகத் தீர்மானம் எடுக்கும் கலைக்கே ஒதுக்கப்பட்டுள்ளன; கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் இயேசு கேட்பதும், இறங்கிய பிறகு யோசிக்கலாம் என்பதைக் குற்றமாகக் காணும் குறளும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசக்கூடியவை. 1859-இல் ‘நீதிநூல்’ வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை, முன்சீப்பாக இருந்த கத்தோலிக்கர். அவர் இவ்விரு மரபையும் ஒரே யாப்பில் பேசவைத்ததோடு, உயர் நீதிமன்றத் தீர்ப்புகளையும் தமிழாக்கிப் பொதுமக்கள் கையில் கொடுத்தார்.

இனி, இந்த ஞானத்தைப் பயன்படுத்துவதில் உள்ள அடிப்படைச் சிக்கலுக்கு வரலாம். நீதிமொழிகள் 26-ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்த இரு வசனங்களில், மூடனுக்கு அவன் வழியிலேயே பதில் சொல்லாதே என்றும், பதில் சொல் என்றும் இரண்டும் சொல்லப்படுகின்றன. இந்த முரண்பாட்டைக் காட்டி நீதிமொழிகளை மறைத்துவைக்கவே பழைய யூத அறிஞர் சிலர் எண்ணியதாகப் பாபிலோனியத் தல்மூத் குறிப்பிடுகிறது. ஆனால் தொகுத்தவர்களுக்குக் கண் தெரியாமல் இவை பக்கத்தில் பக்கத்தில் வந்து அமரவில்லை. எந்த மூடனுக்கு எந்த நேரத்தில் எது பொருந்தும் என்று பகுத்தறியும் வேலையை வாசிப்பவரிடமே விட்டுவிடுவதற்காகத்தான் அவை அப்படி வைக்கப்பட்டன. அந்த வேலையைச் செய்யாமல் வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்பவருக்கு என்ன நேரும் என்பதற்கு யோபின் நண்பர்களே சான்று. அவர்கள் பேசியவற்றில் பெரும்பகுதி பொதுவாகச் சரியானதே. நீதிமொழிகளிலேயே இடம்பெறத் தக்கது. பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்த ஒருவனிடம் அதைச் சொன்னதுதான் குற்றம். நூலின் முடிவில் கடவுள் கண்டிப்பது அவர்களைத்தான். கடனில் முறிந்த குடும்பத்தின் வாசலில் நின்று சோம்பேறித்தனத்தைப் பற்றிய வசனத்தைச் சொல்பவர் எவரானாலும் அந்த மூவரின் வரிசையில் சேர்கிறார்.

தமிழ்ச் சபைகளில் பரவலாக வழங்கும் இரு பழக்கங்களை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்று, நீதிமொழிகளின் 31 அதிகாரங்களை மாதத்தின் 31 நாட்களுக்குப் பகிர்ந்து, தேதிக்கு ஓர் அதிகாரமாக வாசிப்பது. மற்றொன்று, புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையைப் பெற்று, அதில் வந்த வசனத்தை அவ்வாண்டின் தீர்மானங்களுக்கு வழிகாட்டியாகக் கொள்வது. இதன் நீட்சியாக, கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை விடையாகக் கொள்வோரும் உண்டு. சீட்டுப் போட்டுக் கடவுளின் விருப்பம் அறிவது விவிலியத்திலேயே உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்தில் மத்தியா சீட்டின் மூலமே தெரிந்தெடுக்கப்பட்டார். 18-ஆம் நூற்றாண்டின் மொரேவியச் சபையார் திருமணங்களைக்கூடச் சீட்டிட்டு முடிவு செய்தனர். மறுபுறம், உலக அலுவல்களுக்காக நற்செய்தி ஏட்டைத் திறந்து குறி பார்ப்பதை அகஸ்தீன் தம் கடிதம் ஒன்றில் விரும்பத் தகாததாகக் குறிப்பிட்டார். அவருடைய மனமாற்றமே ரோமர் நிருபத்தைத் திறந்து கண்ணில் பட்ட வசனத்தால் நிகழ்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது நியாயமாகாது. வாக்குத்தத்த அட்டை துன்பத்தில் இருப்போருக்குத் தரும் ஆறுதல் உண்மையானது. நோயாளியின் தலையணைக்கடியில் ஆண்டு முழுதும் இருக்கும் அந்த அட்டையை இகழ எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஆறுதலுக்கான வசனத்தைத் தீர்மானத்துக்கான கருவியாக்கும்போது, ஞான நூல்கள் வாசிப்பவரிடம் கேட்கும் அந்த ஒரே உழைப்பு, அதாவது நிதானித்தல், நழுவிப் போகிறது. தேதிக்கு ஓர் அதிகாரம் வாசிக்கும் பழக்கமே இவ்விரண்டில் நூலின் இயல்புக்கு நெருக்கமானது. அது விடை தருவதில்லை, கண்ணைப் பழக்குகிறது.

நீதிமொழிகள் எந்தெந்தத் தீர்மானங்களில் மிகத் திட்டவட்டமாகப் பேசுகிறது என்று பார்த்தால், முதலிடத்தில் நிற்பவற்றுள் ஒன்று பிணை. பிறர் கடனுக்குக் கையடித்து ஜாமீன் நிற்பதைப் பற்றி அது 6, 11, 17, 20, 22, 27 ஆகிய அதிகாரங்களில் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. மாட்டிக்கொண்டவன் அன்றிரவு தூங்காமல் ஓடிப்போய், வேடன் கையிலிருந்து மான் தப்புவதுபோலத் தப்பிக்க வேண்டும் என்கிறது ஓரிடம். கொடுக்க வழியில்லாதவனின் படுக்கையையே உருவிக்கொண்டு போவார்கள் என்கிறது மற்றோரிடம். இவ்வளவு பரபரப்பு வேறு எந்தப் பொருளிலும் அந்நூலில் காணப்படவில்லை. ‘ஒரு கையெழுத்துதானே’ என்று கேட்கப்படும் அந்தச் சாதாரணக் கணத்தின் கனத்தை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் உறுதி செய்கிறது. அதன் 128-ஆம் பிரிவின்படி, வேறு வகையில் ஒப்புக்கொள்ளப்படாத வரை ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் சரிசமம். கடனாளியை முதலில் துரத்திவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் கடன் கொடுத்தவருக்கு இல்லை.

இந்த எச்சரிக்கையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஜொஹான் பிலிப் ஃபப்ரீஷியஸ். சென்னையில் அரை நூற்றாண்டு பணியாற்றிய அவருடைய தமிழ் விவிலியம், மொழிநயத்தால் பிற்கால மொழிபெயர்ப்புகள் பலவற்றுக்கும் அடிப்படையாயிற்று. பழைய ஏற்பாடு 1777 முதல் 1796 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது, அவரோ 1791-இல் இறந்தார். பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தை வட்டிக்குக் கொடுத்துப் பெருக்கும் பொறுப்பில் இறங்கிய அவர், வாங்கியவர்கள் திருப்பித் தராததால் முதிய வயதில் கடனுக்காகச் சிறைப்பட நேர்ந்தது. பிணையைப் பற்றிய ஒவ்வொரு வசனத்தையும் எழுத்தெண்ணித் தமிழாக்கிய பேரறிஞர் அவர். தன்னலத்துக்காக அவர் பணம் தொட்டதாக எவரும் குற்றம் சாட்டவில்லை. வசனத்தை அறிவதற்கும் ஞானம் உடையவராவதற்கும் இடையிலுள்ள தூரத்தை இதைவிடத் துயரமாகக் காட்டும் நிகழ்ச்சி தமிழ் விவிலிய வரலாற்றில் வேறு இல்லை. ஹொக்மாவைக் கைத்திறனோடு சேர்த்துச் சொன்ன எபிரேயரின் நுட்பம் இங்கேதான் புரிகிறது: பணத்தைப் பற்றிய விவேகம் பணத்தோடு பழகி, ஆள் அறிந்து, கணக்கு எழுதி, கேட்டு விசாரித்து வர வேண்டியது, மொழியறிவோ பக்தியோ அதற்கு ஈடாவதில்லை.

ஆயினும் பிணையே கூடாது என்பதுதான் விவிலியத்தின் முடிவு என்று கொண்டால் அதுவும் பிழை. ஆதியாகமத்தில் யூதா தன் தம்பி பென்யமீனுக்காகத் தன்னையே பிணையாக்குகிறான். யோசேப்பின் மனம் உருகியது அதனால்தான். அடிமை ஒநேசிமு பட்ட கடன் எதுவானாலும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்படி பிலேமோனுக்குப் பவுல் கைப்பட எழுதுகிறார். எபிரெயருக்கு எழுதிய நிருபம் இயேசுவையே பிணையாளி என்கிறது. சீராக்கின் 29-ஆம் அதிகாரமோ, நல்லவர் அடுத்திருப்பவருக்குப் பிணை நிற்பார் என்றும், பிணை நின்று கெட்டவர் பலர் என்றும் இரண்டையும் சொல்லி, உன் சக்திக்கு உட்பட்டு உதவு, விழுந்துவிடாதபடி பார்த்துக்கொள் என்ற அளவில் நிறுத்துகிறது. இந்த வட்டாரத்துக்கு இந்தச் சீராக்கே மிகத் தேவையானவர். ஏனெனில் மகளிர் சுய உதவிக் குழுக்களும், நுண்கடன் நிறுவனங்கள் அமைக்கும் கூட்டுப் பொறுப்புக் குழுக்களும் பிணையின் மீதே நிற்கின்றன. ஒருத்தி தவணை கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். 1992-இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியபோது, அடமானம் வைக்க எதுவும் இல்லாத பெண்களுக்கு ஒருவர் மீது ஒருவர் வைத்த நம்பிக்கையே அடமானமாயிற்று. கந்துவட்டிக்கு அது உண்மையான மாற்றாகவும் இருந்தது. ஒரே பெண் நான்கைந்து குழுக்களில் சேர்ந்து, ஒன்றின் தவணைக்கு மற்றொன்றில் வாங்கும் நிலை வரும்போது அதே நம்பிக்கை கழுத்தை இறுக்குகிறது. சேருவதா என்ற கேள்விக்கு ஒரு வசனம் விடையாகாது. கூட இருப்பவர்கள் யார், அவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள், எத்தனை கடன் ஏற்கெனவே உண்டு, தான் ஒருவருக்காகக் கட்ட நேர்ந்தால் எத்தனை வாரம் கட்ட முடியும் என்று கேட்பதே இங்கே ஞானம்.

கடன் கொடுப்பவர் பக்கத்தில் விவிலியத்துக்குத் தயக்கமே இல்லை. ஏழைக்குக் கொடுத்த கடனில் வட்டி வாங்கலாகாது என்று யாத்திராகமம் 22-ஆம் அதிகாரம் சொல்கிறது. வட்டியால் பெருக்கிய சொத்து ஏழைக்கு இரங்குபவனிடம் போய்ச் சேரும் என்கிறது நீதிமொழிகள் 28. தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் தின வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லி வரையறுத்து மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதித்தது. வட்டிக்கு விடும் கிறிஸ்தவர் இல்லாத ஊர் இல்லை. எந்த வசனத்தை அவர்கள் தேதிப்படி வாசித்துக் கடந்துபோகிறார்கள் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

தராசைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இங்கே நூல்களுக்குள் முரண்பாடே இல்லை. பண்டைக்காலத்தில் நிறைகற்களை வியாபாரி பையில் வைத்திருப்பான். வாங்க ஒரு கல், விற்க ஒரு கல் என்று இரண்டு வைத்திருப்பதே மோசடி. உபாகமம் 25, நீதிமொழிகள் 11, 16, 20 என எல்லா இடமும் இதை ஒரே குரலில் கண்டிக்கின்றன. பையிலுள்ள கற்களும் கர்த்தருடைய காரியம் என்னும் அளவுக்கு 16-ஆம் அதிகாரம் போகிறது. குறளும் நடுவுநிலைக்குத் துலாக்கோலையே உவமையாக்கிற்று. இன்று கல் இல்லை, மின்னணுத் தராசு இருக்கிறது. ஆனால் பால்கோவாவை அட்டைப்பெட்டியோடு நிறுப்பதா பெட்டியின் எடையைக் கழித்து நிறுப்பதா என்பது ஒரு நாளில் நூறு முறை ஒரு கடைக்காரர் எடுக்கும் தீர்மானம். வாங்குபவருக்கும் இதில் பங்கு உண்டு. வாங்கும்போது மட்டம் மட்டம் என்று பழித்துவிட்டு, தெருமுனை தாண்டியதும் மலிவாக வாங்கியதைப் பெருமையடிக்கும் ஆளை நீதிமொழிகள் 20 அச்சு அசலாக வரைந்து காட்டுகிறது. கூடையைத் தலையில் சுமந்து வரும் பெண்ணிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டுப் பெரிய கடையில் விலைச்சீட்டுப்படி வாயடைத்துக் கொடுப்பவர், தாம் அந்தச் சித்திரத்தில் இருப்பதை அறிவதில்லை.

திருமணத் தீர்மானத்தில்தான் ‘தேவ சித்தம்’ என்னும் சொல் தமிழ்க் கிறிஸ்தவர் வாயில் மிகுதியாக வருகிறது. ஜெபித்து முடிவெடுத்தல் என்பது அழகான வழக்கம். அவசரத்தை அது தடுக்கிறது, பெரியோரையும் சபை குருவானவரையும் கலந்துகொள்ள இடம் தருகிறது. ஆலோசனை சொல்வோர் பலர் இருந்தால் எண்ணம் நிலைப்படும் என்னும் நீதிமொழிகள் 15-க்கும் அது ஒத்தது. கேட்குமுன் பதில் சொல்வது வெட்கக்கேடு என்றும், வழக்கில் முதலில் பேசுபவன் பேச்சே நியாயமாகத் தோன்றும், எதிராளி வந்து விசாரிக்கும் வரை என்றும் 18-ஆம் அதிகாரம் சொல்வதை, பெண்ணின் சம்மதத்தைக் கடைசியாகக் கேட்கும் குடும்பங்கள் முதலில் வாசிக்க வேண்டும். இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. சாதி பார்த்து வரன்களை வடிகட்டிவிட்டு, எஞ்சியவற்றில் எது தேவ சித்தம் என்று ஜெபிக்கும் வழக்கம் தமிழ்ச் சபைகளில் பல தலைமுறையாகத் தொடர்கிறது. பட்சபாதம் நல்லதன்று என்று நீதிமொழிகள் இருமுறை சொல்கிறது. சபைக்குள் ஆளைப் பார்த்து இருக்கை காட்டுவதை யாக்கோபு பாவம் என்றே பெயரிடுகிறார். பெரிய தீர்மானத்தைச் சாதியிடம் விட்டுவிட்டு மிச்சத்தைக் கடவுளிடம் கேட்பதை வழிகாட்டுதல் தேடுவதாக ஏற்க முடியாது.

கடைசியாகக் கூலி. இங்கேதான் விவிலியத்தின் பேச்சு மிகக் கடுமையாகவும், சபைகளின் பேச்சு மிக மெல்லியதாகவும் இருக்கிறது. கூலிக்காரனின் கூலி விடியும் வரை உன்னிடம் தங்கக் கூடாது என்பது லேவியராகமம் 19. பொழுது இறங்கும் முன் கொடு, அவன் அதன் மேல் உயிரை வைத்திருக்கிறான் என்பது உபாகமம் 24. கையில் இருக்கும்போதே நாளைக்கு வா என்று சொல்லாதே என்பது நீதிமொழிகள் 3. கூலியைப் பறிப்பதை இரத்தம் சிந்துவதோடு சேர்க்கிறது சீராக். நிறுத்திவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. ராஜபாளையம் மில் தொடங்கிய அதே 1936-இல் பிறந்த கூலி வழங்கல் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில் மாதக் கூலியை அடுத்த மாதம் ஏழாம் நாளுக்குள் கொடுக்க விதித்தது. ஆனால் கூலியைத் தங்கவைக்கும் வழிகள் பல. விசைத்தறியில் முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிவைத்தால், வாரக் கூலியில் பிடித்தம் போக நிற்பது எவ்வளவு என்பதைத் தறிக்காரர் தீர்மானிப்பதில்லை. தமிழக நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கென்று மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன ஏற்பாடு, விடியும் வரை அல்ல, மூன்றாண்டு வரை கூலியைத் தங்கவைத்தது. இடையில் உடல்நலம் கெட்டு வெளியேறியவர்களுள் பலருக்கு அது வந்து சேரவே இல்லை. பக்கத்துச் சிவகாசியின் தீப்பெட்டி ஆலைகளில் பிள்ளைகள் வேலை செய்ததை எதிர்த்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் நிதியில் செலுத்த முதலாளிகளுக்கு உத்தரவிட்டது. ஏழையைக் கொள்ளையிடாதே, அவன் வழக்கைக் கர்த்தரே நடத்துவார் என்று நீதிமொழிகள் 22 சொல்லும் அந்த வழக்கு, இம்மாவட்டத்துக்கு ஒரு வழக்கறிஞரின் மனுவாக வந்து சேர்ந்தது. தனிமனிதரின் வேலை, விசா, வரன் ஆகியவற்றைத் தேவ சித்தத்தின் களமாக்கிக் கூலியைத் தொழில் விவகாரம் என்று ஒதுக்கிவைப்பது, இந்நூல்கள் எதைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசுகின்றனவோ அதில் காதை மூடிக்கொள்வதே ஆகும்.

நீதிமொழிகளின் இறுதியில், லேமுவேலின் தாய் ஊமையருக்காக வாயைத் திற என்று மகனிடம் சொல்லி முடித்ததும், ஒரு பெண்ணைப் பற்றிய அகரவரிசைப் பாடல் வருகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவளைக் குணசாலி என்கிறது. எபிரேயத்தில் அவளுக்கு இடப்பட்ட ‘ஹாயில்’ என்னும் அடைமொழி படைவீரரின் வலிமைக்கும் வழங்குவது. மகளிர் ஞாயிறுகளிலும் திருமணங்களிலும் அடக்கத்துக்கும் உழைப்புக்கும் எடுத்துக்காட்டாக வாசிக்கப்படும் அவள், உண்மையில் கதிர் பிடித்து நூல் நூற்பவள், துணி நெய்து வியாபாரிகளுக்கு விற்பவள், தன் சரக்கின் லாபத்தைத் தானே நிறுத்துப் பார்ப்பவள். நூலின் முதல் அதிகாரம் இளைஞருக்குத் தருவதாக வாக்களிக்கும் விவேகத்துக்கு எபிரேயச் சொல் ‘மெஸிம்மா’. ஒரு வயலைக் கண்டு எண்ணித் திட்டமிட்டு அவள் வாங்கியதைச் சொல்லும் வினைச்சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்தது. முப்பது அதிகாரங்கள் கற்பித்ததைச் செய்து காட்டுபவர் இந்நூலில் இறுதியாக ஒரு நெசவுக்காரிதான். பாடலின் கடைசி வசனம் அவளைப் புகழ்வதற்கு முன்னால் ஒரு கோரிக்கையை வைக்கிறது. அது ஊர் வாசலில் கூடியிருப்பவர்களை நோக்கிய கோரிக்கை: அவள் கை உழைப்பின் பலனை அவளிடம் கொடுத்துவிடுங்கள் என்பது.